பிணைக்கு ஒரு தம்பி

ஆர்ட்கெல் கோட்டையின் பிரபு நெக்டன் தன்னைப் பார்த்து "வா தம்பி" என்று சொன்னபோது ஃபின்லே தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான். பிறந்ததிலிருந்து அந்த வாயிலிருந்து அவனுக்கு வந்ததெல்லாம் "டேய்" ஒன்றுதான். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். குனிய வேண்டும், உப்பு மூட்டையை இறக்க வேண்டும், முதுகைக் காட்டாமல் பின்னுக்கு நடந்தே வெளியே போக வேண்டும். தம்பி என்றால் என்ன செய்வது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனவே குனிந்து, தோளில் இல்லாத மூட்டையை இறக்கி வைத்தான்.

"உக்காரு தம்பி."

"சாமி, உப்புல ஏதாச்சும் கல்லு கிடந்துச்சுங்களா? போன மாசம் ஒரே மழை, கடல் தண்ணி காய்ச்சவே முடியல. விறகும் ஈரம்..."

"உப்பை விடு. நீ என் சித்தப்பா மகன். இத்தனை நாள் தெரியாம போச்சு."

ஃபின்லே உட்காரவில்லை, விழுந்தான். விழுந்த இடத்தில் நல்லவேளையாக நாற்காலி இருந்தது.

நடந்தது என்ன என்பதை நாட்டில் ஃபின்லேவைத் தவிர எல்லாரும் அறிவார்கள். அறுவடை விருந்தில் நெக்டன் பிரபுவும், டன்மோரா பிரபு ருவாரியின் தாய்மாமனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வாத்துக்கறியின் முதல் துண்டு யாருக்கு என்ற பேச்சு வந்தது. எவர் குலம் பழையதோ அவருக்கு என்பது மரபு. இரண்டு பக்கத்துக் குலப்புலவர்களும் எழுந்து வம்சாவளி பாடினார்கள். இரண்டு வம்சமும் ஒரு தலைமுறைகூடக் குறையாமல் நோவாவின் பெட்டகம் வரை போய்ச் சேர்ந்தன. பெட்டகத்திலிருந்து முதலில் கால் வைத்து இறங்கியது யாருடைய பாட்டன் என்பதில்தான் தகராறு. நெக்டன் பிரபு அந்தச் சந்தேகத்தைக் கத்தியால் தீர்த்து வைத்தார். கறி ஆறிப்போனதற்காக இரு தரப்புப் புலவர்களும் ஒருமனதாக வருந்தினார்கள்.

திருச்சபையின் ஆயர் தலையிட்டுச் சமாதானம் செய்து வைத்தார். நெக்டன் பிரபு தன் சொந்த ரத்தத்தில் ஓர் ஆளை ருவாரியிடம் பிணையாக விட வேண்டும். நெக்டன் மறுபடி டன்மோராவின் மேல் கை வைத்தால் பிணையாளைத் தூக்கில் போடலாம். அருமையான ஏற்பாடு. ஒரே குறை, நெக்டன் பிரபு கை வைக்காமல் இருந்ததே கிடையாது. இதற்கு முன் இரண்டு உறவினர்களைப் பிணையாக விட்டிருக்கிறார். இரண்டு பேருக்கும் கோயில் வளாகத்தில் நல்ல கல்லறைகள் இருக்கின்றன.

ஆகவே சமாதானச் செய்தி பரவியதும் ஆர்ட்கெல் வம்சமே கரைந்துபோயிற்று. பிரபுவின் தம்பி ஒரே இரவில் துறவியானார். மாமா ஒருவர் ஜெருசலேமுக்குப் புறப்பட்டார், அவசரத்தில் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டார். அண்ணன் மகன் ஒருவன், தன் தாயார் ஊர் நினைப்பது போல அவ்வளவு நல்ல நடத்தை உள்ளவர் அல்லர் என்று கோயிலில் சத்தியம் செய்து கொடுத்து, வம்சத்திலிருந்து விலகிக்கொண்டான்.

"இல்லாத உறவைக் கண்டுபிடிக்கத்தானே நாங்க இருக்கோம்" என்று நாற்காலியில் கிடந்த ஃபின்லேவிடம் சொன்னார் புலவர் டோர்மட். ஆர்ட்கெல் குலத்தின் வம்சாவளியை மனப்பாடமாக வைத்திருப்பவர் அவர். அதற்காக ஆண்டுதோறும் நிலமும் ஆடையும் வாங்குகிறவர். "பிரபுவோட சித்தப்பா கொர்மக், வாலிபத்துல கடல்ல மூழ்கிப் போனாரு. கல்யாணம் ஆகல. ஆகலைன்னா என்ன? உப்புக்கரைப் பக்கம் அடிக்கடி உலாத்தப் போவாரு. உங்க அம்மா அந்தப் பக்கம்தானே இருந்தாங்க?"

"எங்க அம்மா எங்கப்பாவைப் பத்தி அப்படிச் சொல்லலீங்களே. மீன்பிடிப் படகுல வந்த ஆளுன்னு..."

"பேரு சொன்னாங்களா?"

"இல்லீங்க."

"அவ்வளவுதான். ஊர்ல மத்தவனுக்கெல்லாம் அப்பன் இருக்கான். பெரிய வம்சத்துல சேர்க்க அது ஒரு இடைஞ்சல். உனக்கு அந்த இடம் காலியா இருக்கு. நாங்க கொர்மக் பிரபுவை அதுல உக்கார வெக்கிறோம்."

"வேணாம்னு சொன்னா என்னங்க ஆகும்?"

புலவர் பரிவோடு அவன் தோளைத் தொட்டார். "பிரபுவோட வாக்கைப் பொய்யாக்கின குத்தம். அதுக்கும் தூக்குத்தான் தம்பி. ஆனா அது பழைய கயிறு. வம்சத்து ஆளுன்னா புதுக்கயிறு."

ஃபின்லே சம்மதித்தான். அவன் சம்மதித்ததாகப் புலவர்தான் அறிவித்தார்.

மறுநாள் குருவானவர் லாரன்ஸ் உப்புக்கரைக்கே வந்துவிட்டார். ஆயரின் திருமண வழக்கு மன்றத்தில் அவர்தான் தீர்ப்புச் சொல்கிறவர். நாட்டின் பெரிய குடும்பங்களில் யார் யாரைக் கட்டலாம், கட்டியவர்களில் யார் யாரை விட வேண்டும் என்பதெல்லாம் அவர் விரல் நுனியில். ஃபின்லேவின் குடிசை வாசலில் முரியல் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். மகள் பெதாக் உப்புப் பாத்திரத்தின் ஓரத்தைச் சுரண்டி நக்கிக்கொண்டிருந்தாள்.

"வம்சம் மாறினா உறவுமுறையை எல்லாம் திரும்பச் சரிபார்க்கணும்" என்றார் குருவானவர். "அம்மா, நீ எந்தக் கோயில்ல ஞானஸ்நானம் வாங்கினே?"

"கோட்டைக் கோயில்லதான். எல்லாரும் அங்கதான்."

"ஞானத்தந்தையா யாரு நின்னது?"

அந்த வட்டாரத்தில் இது கேட்க வேண்டாத கேள்வி. ஈஸ்டருக்கு முந்தின நாள் குடிமக்களின் குழந்தைகளையெல்லாம் கொண்டுபோய் நிறுத்துவார்கள். பிரபு வீட்டு ஆண் ஒருவர் வரிசையாகக் கையில் ஏந்தி ஞானத்தந்தையாக நிற்பார். முரியல் பிறந்த வருஷம் அப்படி நின்றவர் கொர்மக் பிரபு. அடுத்த வருஷம்தான் அவரைக் கடல் கொண்டுபோனது.

குருவானவர் கண்ணை மூடிக்கொண்டார். "நினைச்சேன். கொர்மக் பிரபு உனக்கு ஞானத்தந்தை. அதே கொர்மக் பிரபு இவருக்குச் சொந்தத் தந்தை. அப்படின்னா நீங்க ரெண்டு பேரும் ஞான சகோதர சகோதரிங்க. திருச்சபைக் கண்ணுல இந்தக் கல்யாணம் நடக்கவே இல்ல."

முரியல் அகப்பையைக் கீழே வைத்தாள். "இருங்க சாமி. நேத்து வரைக்கும் புருஷன். இன்னிக்கு அண்ணனா?"

"நேத்தும் அண்ணன்தான். உனக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

"இந்த அடுப்புல கஞ்சி வெச்சிருக்கேனே, இதைப் புருஷனுக்கு ஊத்தறதா, அண்ணனுக்கு ஊத்தறதா?"

"கஞ்சிக்குத் தடை இல்லம்மா" என்றார் குருவானவர். நகைச்சுவையை அவர் குருப்பட்டம் வாங்கிய அன்றே விட்டுவிட்டார். "ரோமுக்கு மனு எழுதினா விதிவிலக்கு கிடைக்கும். மலை வழியில கொள்ளைக்காரங்க இல்லன்னா ஏழெட்டு வருஷத்துல பதில் வந்துடும்."

"அப்ப இவ?" முரியல் மகளைக் காட்டினாள்.

"குழந்தை இருக்கலாம். அதை யாரும் மறுக்கல. ஆனா இவருக்கு இல்ல. முறை சொல்லணும்னா, ஞான சகோதரியோட மகள். மாமன் முறை ஆகுது."

முரியல் ஃபின்லேவைப் பார்த்தாள். "வாயைத் தெறந்து பேசேன்யா! அண்ணன்னா ஊமை அண்ணனா?"

ஃபின்லே மகள் பக்கம் குனிந்தான். அவனுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. பெதாக் விரலில் ஒட்டிய உப்பை அவன் வாயில் வைத்தாள். அன்றைக்கு அவன் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

பிணை ஒப்படைக்கும் நாள் எல்லை ஆற்றங்கரையில் இரு தரப்பும் கூடினார்கள். ஃபின்லேவுக்கு ஓநாய்த்தோல் மேலாடை போட்டிருந்தார்கள். அது முன்பு பிணையாகப் போனவர்களுக்கும் போடப்பட்டது. கழுத்துப் பக்கம் மட்டும் புதிதாகத் தைத்திருந்தார்கள். ருவாரி பிரபு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"சித்தப்பா மகனா? அதுவும் கல்யாணம் ஆகாத சித்தப்பா? என் மாமன் உசுருக்கு இது ஈடா? என்னைக் கேவலப்படுத்தறீங்க. நல்ல ரத்தமாக் கொடுங்க, இல்லன்னா இப்பவே சண்டை."

ஆர்ட்கெல் பக்கம் பதறியது. புலவர் டோர்மட் மட்டும் பதறவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னே வந்தார். கொர்மக் பிரபு ரகசியமாகத் திருமணம் செய்தவர் என்றார். செய்து வைத்த பாதிரியார் இறந்துபோனதால் சாட்சிக்கு வர இயலவில்லை என்றார். ருவாரியின் புருவம் இறங்கவில்லை. உடனே, கொர்மக் இளையவர் என்று இதுவரை சொன்னது தன் அடக்கம் என்றும், உண்மையில் அவர்தான் மூத்தவர் என்றும், ஆகவே இந்த ஃபின்லே சித்தப்பா மகன் அல்ல, பெரியப்பா மகன் என்றும் சொன்னார். முப்பது வருஷத்துக்கு முன் செத்துப்போன ஒருவர் ஒரே மூச்சில் தன் அண்ணனுக்கு அண்ணனானார்.

"இப்ப சரி" என்றார் ருவாரி.

நெக்டன் பிரபுவும் "ஆமா, பெரியப்பா மகன்தான்" என்று, சத்தியத்துக்கென்று கோயிலிலிருந்து கொண்டுவந்த புனிதரின் கைத்தடி மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். அவர் அப்போது எதிர்க்கரையில் மேயும் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். குருவானவர் லாரன்ஸ் அதைத் தாளில் எழுதி முத்திரை வைத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். புலவர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று ஒருவரும் யோசித்துக் கேட்கவில்லை. பெரிய வீடுகளில் வம்சாவளி பாடும்போது கேட்பது வழக்கம் இல்லை. முகத்தைப் பெருமையாக வைத்துக்கொண்டால் போதும்.

டன்மோராவில் ஃபின்லேவை நன்றாகவே நடத்தினார்கள். மேல் வரிசையில் உட்கார வைத்தார்கள், மான்கறி போட்டார்கள். இரண்டாம் நாள் தச்சன் ஒருவன் வந்து மரியாதையாக வணங்கி, "ஐயா உயரம் எவ்வளவுன்னு பார்க்கணும், தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்று அளவெடுத்தான். ஃபின்லே எதற்கு என்று கேட்டான். தச்சன் தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டிவிட்டு, "ஐயாவோட தகுதிக்கு ஓக் மரம்தான்" என்றான். அதன் பிறகு மான்கறி இறங்கவில்லை.

ருவாரி பிரபு ஒளிவுமறைவு இல்லாதவர். "உங்க தம்பி எங்க மாட்டைத் தொட்டா உங்க கழுத்து. ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க, இது குடும்ப மரியாதை."

அன்றிலிருந்து ஃபின்லேவுக்கு மாடுதான் தெய்வம். விடிந்தும் விடியாமலும் ஓநாய்த்தோலைப் போர்த்திக்கொண்டு மேய்ச்சலுக்கு ஓடுவான். மாட்டுக்காரன் காலில் விழாத குறையாக, "அந்தக் கருப்புக் கிடாரி ஆத்துப்பக்கமே போகுதுங்க, கொஞ்சம் இந்தப் பக்கம் ஓட்டுங்களேன்" என்பான். எங்கே ஒரு மாடு கத்தினாலும் அவன் கை தானாகக் கழுத்துக்குப் போகும். தன்னைக் கொல்லப்போகிறவர்களின் மாடுகளைத் தானே காவல் காக்கிற நிலைமை வேடிக்கையானது என்று டன்மோரா வீரர்கள் சொல்லிச் சிரித்தார்கள். ஃபின்லேவுக்குச் சிரிப்பு வரவில்லை. பெதாக் உப்பு வைத்த விரல் நினைவுக்கு வந்தது. மனிதன் அழுதான்.

பனி இறங்கிய ஒரு காலையில் மாடுகள் இல்லை. ஆற்றங்கரைச் சேற்றில் ஆர்ட்கெல் குதிரைகளின் குளம்புத்தடம் மட்டும் இருந்தது.

தோட்டத்தில் ஓக் மரத்தூண்கள் நின்றன. கயிறு புதுசு, புலவர் பொய் சொல்லவில்லை. ஆர்ட்கெல் பக்கத்துச் சாட்சியாகக் குருவானவர் லாரன்ஸ் வந்திருந்தார். பெரிய குலத்தவரைத் தூக்கிலிடும்போது கயிற்றைக் கழுத்தில் போட்டபின் அவருடைய வம்சாவளியை முழுவதும் உரக்க வாசிக்க வேண்டும். யாரைக் கொல்கிறோம் என்பதில் பிழை வந்துவிடக் கூடாது அல்லவா?

"நோவாவின் மகன் யாப்பேத்..." என்று ஆரம்பித்தார் குருவானவர். காற்று குளிர்ந்தது. கூடியிருந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். யாப்பேத்தின் மகனும் அவன் மகனும் எகிப்து போய்த் திரும்பி வந்தார்கள். கயிறு ஃபின்லேவின் தாடையை உரசியது. பூமியில் ஒரே ஒருவன் அந்த வம்சாவளியை ஒரு எழுத்து விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அது முடியாமல் நீள வேண்டும் என்று அவன் மன்றாடினான். எவ்வளவு பெரிய குலமோ அவ்வளவு நேரம் உயிர். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்குத் தன் வம்சத்தின்மேல் பற்று வந்தது.

"...அவர் மூத்த மகன் கொர்மக், அவரது முறையான ஒரே மகன் ஃபின்லே" என்று முடித்தார் குருவானவர்.

ஃபின்லே நின்ற பலகையின் முட்டுக்கட்டையில் தச்சன் கை வைத்தான்.

"சாமி!" ஃபின்லே கத்தினான். "இன்னொரு தடவை வாசிங்க சாமி! கடைசிப் பக்கம் மட்டுமாச்சும்!"

சாகிறவன் கேட்டால் மறுக்கக்கூடாது. குருவானவர் மறுபடி வாசித்தார். இந்தத் தடவை ருவாரி பிரபுவுக்குக் குளிரில் தூக்கம் கலைந்திருந்தது.

"நிறுத்துங்க. யாரு மூத்தவன்?"

"கொர்மக்."

"நெக்டனோட அப்பன்?"

"இளையவர்."

"அப்ப ஆர்ட்கெல் பட்டம் யாருக்குச் சேரணும்?"

குருவானவர் தாளைப் பார்த்தார். பிறகு கயிற்றில் நின்றவனைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

மூன்றாம் நாள் ருவாரியின் படை, நடுவில் ஃபின்லேவை வைத்துக்கொண்டு, ஆர்ட்கெல் வாசலில் நின்றது. புலவர் டோர்மட் மதில்மேல் ஏறிப் படையின் அளவை ஒரு பார்வை பார்த்தார். உடனே அங்கேயே நின்று, உண்மையான வாரிசு திரும்பிவந்ததைப் பற்றி ஒரு வாழ்த்துப் பாட ஆரம்பித்தார். வாசல் திறந்தது. நெக்டன் பிரபுவைத் தூணில் கட்டினார்கள். ஃபின்லேவை உயர்ந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முன்பு அவன் விழுந்த நாற்காலி அல்ல, அதற்கும் மேலே. அவன் கால் தரைக்கு எட்டவில்லை. கால் தொங்குவது எல்லாருக்கும் தெரிந்தது, மரியாதைக்காக ஒருவரும் பார்க்கவில்லை.

"நல்லது பிரபு" என்றார் ருவாரி. "ஆர்ட்கெல் எங்க மாட்டைத் திருடிச்சு. ஆர்ட்கெல்னா இப்ப நீங்க. ஆகவே சமாதானத்துக்குப் புதுசா ஒரு பிணை கொடுக்கணும். உங்க சொந்த ரத்தம். நாங்க அன்பாத்தான் கேக்கறோம்." அவர் பின்னால் வில்லாளிகள் அன்பாக நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கூட்டத்தின் கால்களுக்கு நடுவே புகுந்து ஒரு குழந்தை ஓடி வந்தது. பின்னாலேயே முரியல். அவன் செத்துப்போனான் என்று அழுது முடித்து, உயிரோடு இருக்கிறான் என்று கேட்டு ஓடி வந்தவர்கள்.

"அப்பா!"

ருவாரியின் முகம் மலர்ந்தது. "அடடே. பொண்ணு இருக்கா? சொல்லவே இல்லையே. இதைவிட நெருங்கின ரத்தம் ஏது?" அவர் குனிந்து பெதாக்கின் தலையைத் தடவினார். "வர்றியா கண்ணு, எங்க வீட்டுக்கு? நிறைய மாடு இருக்கு."

ஃபின்லேவுக்கு ஓக் மரமும், மரியாதையான தச்சனும், மிகச் சின்ன அளவொன்றும் தெரிந்தன. தன் கழுத்தில் கயிறு கிடந்தபோதுகூட அவன் இப்படிப் பயந்ததில்லை.

"அது என் பொண்ணு இல்லீங்க" என்றான்.

முரியல் அவனைப் பார்த்தாள். ஒரு கணம் அடிக்க வருவாள் போலிருந்தது. அடுத்த கணம் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இல்லீங்க, இவருக்கு இல்ல" என்றாள். அந்தப் பொம்பளை வாழ்நாளில் எதிர்த்துப் பேசாமல் ஒத்துக்கொண்ட ஒரே வார்த்தை அதுதான்.

"நான்தான் தீர்ப்புச் சொன்னேன்" என்று குருவானவர் லாரன்ஸ் பெருமையோடு எழுந்தார். "ஞான சகோதரியின் மகள். ரத்தம் கிடையாது. என் தீர்ப்பை ரோமாபுரிகூட இதுவரை மாத்தினதில்ல."

ருவாரி கையை எடுத்துக்கொண்டார். "அப்ப யாரு உங்க ரத்தம்?"

ஃபின்லேவின் விரல் உயர்ந்தது. அது தூணைக் காட்டியது.

"என் சித்தப்பா மகன் நெக்டன். எனக்கு வேற ஆளு இல்லீங்க."

"டேய்!" என்று அலறினார் நெக்டன். "எவன்டா உனக்குச் சித்தப்பா மகன்? உங்கப்பன் எவனோ மீன் படகுக்காரன்டா! நாங்க சும்மா சொன்னோம்டா!"

"கைத்தடி மேல சத்தியம் பண்ணீங்க பிரபு" என்று நினைவூட்டினார் குருவானவர். "பொய்ச்சத்தியம்னா நாக்கை அறுக்கறது வழக்கம். அது இன்னிக்கே செய்யலாம். பிணைன்னா, இவரு சமாதானமா இருக்கற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. யோசிச்சுச் சொல்லுங்க. இவரு உங்களுக்கு யாரு?"

நெக்டன் பிரபு நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். அது இன்னும் இருப்பதை உறுதி செய்துகொண்டது போலிருந்தது.

"பெரியப்பா மகன்" என்றார்.

ஓநாய்த்தோல் மேலாடையை அவருக்குப் போட்டார்கள். வாசலைத் தாண்டும்போது அவர் திரும்பிப் பார்த்தார். "மாட்டுப்பக்கம் மட்டும் போயிடாதீங்க அண்ணே" என்றார். குரல் ஃபின்லேவுக்குப் பழக்கமான குரலாக இருந்தது. போன மாதம் வரை அவனுடைய குரல்.

கூடம் காலியாயிற்று. புலவர் டோர்மட் மட்டும் ஒரு ஓரத்தில் புதிய பிரபுவின் வம்சாவளியை முணுமுணுத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். குருவானவர் குளிர்காய்ந்துகொண்டிருந்தார். பெதாக் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுடைய விரலில் உப்பு இருந்தது. வழியெல்லாம் மூடிப் பிடித்துக்கொண்டு வந்ததில் பாதி கரைந்திருந்தது.

"அப்பா, இந்தா."

ஃபின்லே புலவரைப் பார்த்தான். குருவானவரைப் பார்த்தான். தூணில் அவிழ்த்துப் போட்டிருந்த கயிற்றைப் பார்த்தான். நெக்டனுக்குப் பிறகும் ருவாரி ஒருநாள் வருவார். அடுத்த ரத்தம் யார் என்று கேட்பார். சுவருக்கும் காது இருக்கிற வீடு இது.

"அப்படிக் கூப்பிடக் கூடாது கண்ணு" என்றான். "மாமான்னு கூப்பிடணும்."

பெதாக் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். முரியல் தலையை அசைத்தாள். குழந்தை நீட்டிய விரலை மடக்கிக்கொண்டது. பிறகு, அந்தக் கோட்டையில் பெரிய மனிதர்களிடம் உப்புக்கரைப் பிள்ளைகள் எப்படி நிற்பார்களோ அப்படிக் குனிந்து, முதுகைக் காட்டாமல் பின்னுக்கு நடந்தது.

"சரிங்க மாமா" என்றது.